எங்கள் போஷகர் எழும்பிப் போன மாலை

2010ஆம் ஆண்டு ஜூன் மாதத் தாளில், ஒரு செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "கா. எழும்பிப் போனார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மழை. பருப்புக்கறி மிச்சம்."

சிட்னியில் டூங்கபி மளிகைக் கடையில் வருடம் பிறக்கும்போது இலவசமாகத் தரும் சுவர்க் காலண்டர் அது. 2009 முதல் 2013 வரையான ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. ராகுகாலத்துக்கும் விரதத்துக்கும் நடுவே கிடைக்கிற இடத்தில் அன்றன்று நடந்ததை எழுதிவைப்பேன். நான் சரித்திரப் புத்தகங்கள் நிறைய வாசிக்கிறவள். திகதி இல்லாத கதையை யார் சொன்னாலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும், நானே சொன்னாலும்.

பாராளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் என் வீட்டுக்கு வந்து, "அன்ரி, இந்த வேலையில முக்கியமா என்ன தெரிஞ்சிருக்கோணும்?" என்று கேட்டீர்கள். முதலில் வடையைச் சாப்பிடச் சொன்னேன். கடிதம் எந்தத் திணைக்களத்துக்குப் போக வேண்டும், கணினியில் எதைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித்தருவார்கள். நான் சொல்லக்கூடியது அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான்.

முதலில் கார்மனைப் பற்றி. அவர் மாநிலப் பாராளுமன்றத்துக்குப் போனபோது உங்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்திருப்பீர்கள். அவருடைய தாய் தகப்பன் மோல்ற்றாத் தீவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். மேற்குச் சிட்னியில் வீடுகள் நெருங்குவதற்கு முன் இந்தப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள். கார்மன் படிப்பை முடித்துக்கொண்டு பண்ணையில் முட்டை அடுக்கினார். கல்யாணம் முடித்தார், பிள்ளைகள் பெற்றார். பிறகு டூங்கபியில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு முன்னால், வட்டப் பலகையைத் தூக்கி வாகனங்களை நிறுத்திப் பிள்ளைகளை ரோட்டுக் கடக்க விடும் வேலைக்கு வந்தார். வருடக்கணக்காக அந்த ஓரத்திலேயே நின்றார்.

காலையிலும் பின்னேரமும் அந்த ஓரத்தில் தாய்மார் கூடுவார்கள். பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை, நடைபாதை உடைந்து தள்ளுவண்டி போகாது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முறைப்பாடு இருக்கும். கார்மன் அவற்றையெல்லாம் நகரசபைக்கு எழுதினார். பதில் வரவில்லை. 2008 செப்டெம்பரில் நகரசபைத் தேர்தல் வந்தபோது தானே நின்றார், வென்றார். அவருக்கு வாக்குப் போட்ட தமிழர் பலருக்கு அவர் எந்தக் கட்சி என்றே தெரியாது. "எங்கட பிள்ளையள ரோட்டுக் கடத்திவிட்டவா" என்பதே போதுமாயிருந்தது.

நான் அப்போது ரெயில் நிலையத்தடி மருந்துக்கடையில் அரைநாள் வேலை செய்தேன். 2009 பெப்ரவரியில் கார்மன் தலையிடி மாத்திரை வாங்க வந்தார். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார்.

"தமிழ் வாசிப்பாயா?"

"வாசிப்பேன், எழுதுவேன், மற்றவர்கள் எழுதினால் பிழை பிடிப்பேன்."

"என் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் எழுதித்தருவாயா? சம்பளம் கிடையாது."

"உங்கள் தேய்ந்த சப்பாத்தைப் பார்த்தபோதே அது விளங்கிவிட்டது" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மாத்திரைக்குக் காசு கொடுக்க மறந்து வெளியே போய், திரும்பி வந்து கொடுத்தார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். அன்றிலிருந்து அவர் போன இடமெல்லாம் நானும் போனேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது முறைப்பாடு சொன்னால் குறிப்பெடுக்க மாட்டார். "எந்த இடம்? எந்த நேரம்? வா, போய் நிற்போம்" என்பார். 2009 குளிர்காலத்தில் நார்த்மீட்டில் ஒரு அங்கிள், மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் தன் வீட்டுக்குள் வருகிறது, நகரசபை வடிகாலைக் கவனிக்கவில்லை என்று மூன்று பக்கத்தில் எழுதினார். மழை பெய்யும்போது போன் எடுக்கச் சொன்னார் கார்மன். எடுத்தார். நாங்கள் இருவரும் குடையோடு போய் அவருடைய வாசலில் நின்றோம். தண்ணீர் ரோட்டிலிருந்து வரவில்லை. அவருடைய மகன் போன மாதம் போட்ட கொங்கிறீற்றுத் தரை வீட்டுப் பக்கம் சரிந்திருந்தது. அங்கிள் தண்ணீரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"அங்கிள், நகரசபைக்கு உங்கள் மகனைத் திருத்த அதிகாரம் இல்லை" என்றார் கார்மன்.

நான் மொழிபெயர்க்க முன்பே மகன் சிரித்துவிட்டான். அடுத்த தேர்தலில் அந்த வீட்டு மதிலில் கார்மனின் படம் இருந்தது. அலுவலகக் கதிரையில் இருந்துகொண்டு பதில் எழுதியிருந்தால் மூன்று பக்கம் முப்பது பக்கமாக வளர்ந்திருக்கும். போய் நில்லுங்கள். இந்த வேலையில் பாதி அதுதான்.

மற்றப் பாதி அந்தச் செவ்வாய்க்கிழமை.

எங்கள் பகுதியில் முதியவர்களுக்கு ஒரு காலை மன்றம் இருந்தது. கிழமையில் மூன்று நாள் கூடுவார்கள். பத்திரிகை வாசிப்பு, கரம் விளையாட்டு, கொஞ்சம் தேவாரம், நிறைய வம்பு, மத்தியானம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பாடு. அகதிகளாக வந்து, தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்டு, செவன் ஹில்ஸில் ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த பெடியள் சிலரும் வருவார்கள். அவர்களில் நிமலன் என்பவன் நல்ல சமையல்காரன். சமையல் அவன் பொறுப்பு. மன்றம் இருந்த வாடகை மண்டபத்தை உரிமையாளர் இடிக்கப்போகிறார் என்று தெரிந்ததும், எல்லோரும் மன்றத் தலைவரின் வீட்டுக் கராஜுக்கு மாறினார்கள். தலைவர் சிவபாதம் அங்கிள். ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை பார்த்தவர், மைக் கிடைத்தால் விடமாட்டார், மனதில் கள்ளம் இல்லாதவர். கராஜில் குளிர். கழிப்பறைக்கு வீட்டுக்குள் போக வேண்டும். அங்கிளின் மருமகள் பொறுமையானவள்தான், ஆனால் கிழமையில் மூன்று நாள் என்பது பொறுமைக்கும் அதிகம்.

டூங்கபி ரெயில் நிலையத்துக்குக் கிட்ட நகரசபைக்குச் சொந்தமான சின்னக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. முன்பு கைக்குழந்தைகளை எடை நிறுத்துப் பார்த்த நிலையம். மன்றம் அதை வாடகைக்குக் கேட்டது. கடைக்காரர்கள் அதை இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று என்று நகரசபை அந்தச் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்க இருந்தது. கவுன்சிலர்கள் எந்தப் பக்கம் என்று எங்களுக்கு முன்பே தெரியும். கார்மனின் கையையும் சேர்த்தால் மன்றத்துக்கு ஒரு வாக்கு அதிகம். அவர் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் மேயர் தன் மேலதிக வாக்கைப் போடுவார். மேயருக்குக் கார் நிறுத்துமிடத்தில்தான் விருப்பம்.

அன்று மத்தியானம் நான் மருந்துக்கடையில் வேலை முடித்து வெளியே வரும்போது சிவபாதம் அங்கிள் மழைக்குள் நின்றார். கையில் ஒரு டிவிடி.

"பிள்ளை, சித்திரை வருடப்பிறப்பு விழா வீடியோ வந்திட்டுது. கார்மன்ர கட்டம் வடிவா வந்திருக்கு. இரவைக்கு வெற்றிக்குப் பிறகு குடுத்துவிடு."

அந்த விழாவுக்கு எனக்குக் காய்ச்சலாக இருந்ததால் போகவில்லை. கார்மன் தனியே போயிருந்தார். வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு டிவிடியைப் போட்டேன். கோலாட்டம் முடிந்து, பேச்சுகள் முடிந்து, கார்மன் மேடைக்கு வந்தார். அங்கிள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு மைக்கைப் பிடித்துச் சொன்னார்:

"இன்றுமுதல் எமது மன்றத்தின் போஷகராக, எங்கள் அன்புக்குரிய கவுன்சிலர் கார்மன் அவர்களைப் பிரகடனம் செய்கிறோம்."

மண்டபம் கைதட்டியது. கார்மனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எல்லோரும் கைதட்டுவதைப் பார்த்து அவரும் சேர்ந்து கைதட்டினார். பிறகு கும்பிட்டார். இன்னும் ஒருமுறை கைதட்டினார்.

நான் சோற்றுக் கையோடு இருந்துவிட்டேன்.

போஷகர் என்றால் இந்தியத் தமிழர் புரவலர் என்று சொல்வார்களே, அதுதான். எங்கள் சங்கங்களில் பெரிய ஆட்களுக்கு மரியாதைக்காகக் கொடுக்கிற பட்டம். அவர்கள் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை, குழுப்படத்தில் நடுவில் இருந்தால் போதும். ஆனால் நகரசபையின் விதி வேறு. தன்னிடம் ஏதாவது கேட்டு வருகிற அமைப்பில் கவுன்சிலருக்குப் பதவி ஏதும் இருந்தால், அதைச் சபையில் சொல்லிவிட்டு, அந்த விடயம் முடியும்வரை அறைக்கு வெளியே போய்விட வேண்டும். வாக்களிக்க முடியாது. மன்றத்துக்கு உதவக்கூடிய ஒரே கையை, மன்றமே பொன்னாடையால் கட்டிப்போட்டிருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு அங்கிளின் கராஜுக்குப் போனேன்.

"அங்கிள், கார்மனைப் போஷகர் ஆக்கினனீங்களோ?"

"ஓம். ஏன், கடிதத் தலைப்பில பேர் போடாம விட்டிட்டமோ?"

"அவாவைக் கேட்டனீங்களோ?"

"மரியாதை குடுக்கிறதுக்கு ஆராவது கேட்டுக் குடுப்பினமோ பிள்ளை?"

விதியைச் சொன்னேன். கரம் பலகையில் இருந்த கைகள் நின்றுவிட்டன. அங்கிள் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு அவருடைய கச்சேரி மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"அப்ப இப்பவே நிர்வாகக் குழுவைக் கூட்டி அந்தப் பதவியை ரத்துச் செய்வம். நாலு பேர் இஞ்ச இருக்கிறம். போதும்."

"கூட்டத்துக்கு மூண்டு மணித்தியாலத்துக்கு முன்னமோ?"

"அப்ப ஒண்டும் செய்யாதை. கவுன்சிலில ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. கார்மனுக்கே தெரியாது தான் போஷகர் எண்டு. தெரியாதவா எப்பிடிப் பிழை விட்டவா ஆவா? நீ சொன்னாத்தானே பிரச்சினை."

அங்கிள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. தெரியாமல் வாக்களித்தால் கார்மன் மீது குற்றமில்லை. கராஜின் மூலையில் காஸ் அடுப்பில் நிமலன் இரவுக் கொண்டாட்டத்துக்குப் பருப்பு கிண்டிக்கொண்டிருந்தான். இந்தக் கட்டடம் கிடைக்காவிட்டால், ஆட்களோடு சேர்ந்திருந்து சாப்பிட அவனுக்கும் அறைத் தோழர்களுக்கும் வேறு இடமில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா சொல்லப்போறா போல கிடக்கு. அப்ப பருப்புக்கு உப்பைக் குறைக்கிறன் அங்கிள், எல்லாரும் அழப்போகினம்."

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

வெளிக் கேட்டடியில் நின்று ஒருவருக்குப் போன் எடுத்தேன். வேறொரு தொகுதியில் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்த பெண். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு, தூஷணம் தாராளமாக வரும். இந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவரிடம் வாங்கியது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆட்களின் பெயர் சொல்லாமல், ஒருவர், ஒரு பட்டம், ஒரு வாக்கு என்று விடயத்தைச் சொன்னேன். தூஷணத்தைக் கழித்துவிட்டு அவர் சொன்னது இது:

"உன் ஆளுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முடிவெடுப்பது உன் வேலையில்லை. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது அவருடைய வேலை. ஏதாவது செய்ய நேரம் இருக்கும்போதே அவர் காதில் போடு. பிறகு விலகி நில்."

உங்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும்தான் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நல்லெண்ணத்தோடு வாயை மூடியிருந்தால், அன்று மாலை நகரசபையில் வாக்களித்திருப்பது கார்மன் அல்ல, நான்.

நகரசபைக் கார்த் தரிப்பிடத்தில், தன் பழைய காருக்குள் இருந்து கார்மன் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கியது ஒன்றுதான்.

"அப்படியென்றால் என்னை நியமித்ததற்கு நானே கைதட்டினேனா?"

"இரண்டு தரம்."

கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இந்தப் போஷகர் என்ன செய்ய வேண்டும்?"

"ஒன்றும் செய்யத் தேவையில்லை. படத்தில் நடுவில் இருக்க வேண்டும்."

"நான் இல்லாவிட்டால் சமம். பிறகு மேயர்."

"ஓம்."

"எனக்கு இது தெரியாது என்று சற்று முன் வரை சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல முடியாது."

"நான்தானே சொல்லித் தொலைத்தேன்."

"அதற்குத்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு திரிகிறேன்." மிச்சச் சான்ட்விச்சைச் சுற்றி வைத்தார். "பலகை என் கையில் இருந்தபோது என் பிள்ளைகளும் அந்த ரோட்டைத்தான் கடந்தார்கள். அவர்களுக்காக ஒருநாளும் முன்கூட்டித் தூக்கியதில்லை. தூக்கியிருந்தால் அடுத்த நாள் ஒரு டிரைவரும் எனக்கு நின்றிருக்க மாட்டான்." கதவைத் திறக்க முன் கேட்டார்: "மன்றத்துக்காக இன்றைக்கு யார் பேசப்போகிறார்கள்? பொதுமக்களுக்கு மூன்று நிமிடம் உண்டே."

ஒருவரும் பேசுவதாக இருக்கவில்லை. கார்மன் இருக்கிறார்தானே என்று யாரும் பெயர் கொடுக்கவில்லை. போஷகர் ஒருவரை வைத்துக்கொண்டால் எங்கள் ஆட்கள் இப்படித்தான். பெரிய ஆளின் பின்னால் வந்து வரிசையாக இருந்துவிடுவார்கள்.

"இனி என்னோடு இதைப் பற்றிப் பேசாதே" என்று சொல்லிவிட்டுக் கார்மன் உள்ளே போனார். நான் மன்றத்துக்காரர் வந்து நின்ற வான் வண்டியை நோக்கி ஓடினேன்.

மூன்று நிமிடம் என்றதும் அங்கிள் தயாராக எழும்பினார்.

"நான் கதைக்கிறன்."

"அங்கிள், மூண்டு நிமிசத்தில நீங்கள் மேயருக்கு வணக்கம் சொல்லி முடிக்கமாட்டியள்" என்றார் பின் இருக்கையிலிருந்து பராசக்தி ரீச்சர். கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாக இங்கே மகளோடு இருக்கிறார். தேவைப்படும் ஆங்கிலம் இருக்கிறது, தேவையில்லாத பயம் இல்லை. "நான் கதைக்கிறன். ஆனா ஆரும் எனக்கு எழுதித்தர வேண்டாம்."

கூட்டம் தொடங்கியது. சேலைக்கு மேல் குளிர்ச் சட்டை போட்ட அன்ரிமார் பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். எங்கள் விடயத்தின் பெயரை மேயர் வாசித்ததும் கார்மன் எழும்பினார். இந்த மன்றம் தன்னைக் கௌரவப் பதவி ஒன்றுக்கு நியமித்திருப்பதாக இன்று பிற்பகல் அறிந்ததாகவும், ஆகவே அறையை விட்டுப் போவதாகவும் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

பின்வரிசையில் விதி தெரியாதவர்களே அதிகம்.

"எங்க போறா?"

"பாத்ரூமுக்காக்கும்."

"இந்த நேரத்திலயோ? ஒருக்கா அடக்க ஏலாதோ?"

விளங்கியவர்கள் மற்றவர்களுக்கு விளக்கினார்கள். விளக்கம் வரிசை வரிசையாகப் பரவ, தலைகள் வரிசை வரிசையாக என் பக்கம் திரும்பின. அங்கிள் எனக்கு முன் கதிரையில் இருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"சொல்லிப்போட்டாய்."

"ஓம் அங்கிள். சொல்லிப்போட்டன்."

முதலில் கடைக்காரர் சங்கத்தின் ஆள் பேசினார். கார் நிறுத்த இடமில்லாமல் வாடிக்கையாளர்கள் போய்விடுகிறார்கள், இந்த மன்றம் வந்தால் இவர்களுடைய கார்களும் சேர்ந்து நெருக்கடி இரட்டிப்பாகும் என்றார். நியாயமாகத்தான் பேசினார். பிறகு ரீச்சர் மைக்கடிக்குப் போனார். மைக் அவருடைய நெற்றிக்கு நேரே இருந்தது. அதை இறக்கிவிட ஒரு அலுவலர் வரும்வரை வகுப்பு அமைதியாகட்டும் என்பதுபோல் காத்திருந்தார்.

"ஐயா எங்கள் கார்களைப் பற்றிச் சொன்னார்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "எங்களுக்குக் கார் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அவர்கள் சாவியைத் தரமாட்டார்கள்."

சபை சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை.

"நாங்கள் ரெயிலில் வருகிறோம். அதனால்தான் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கேட்டோம். வந்தால் மருந்து வாங்குவோம், மரக்கறி வாங்குவோம், தேத்தண்ணி குடிப்போம். இவருடைய கடையில் போன கிழமை நான் ஒரு குடை வாங்கினேன். அது உடைந்துவிட்டது. ஆனாலும் திரும்ப வருவேன், ஏனென்றால் வேறு கடைக்கு என்னால் நடக்க முடியாது. கார் வைத்திருப்பவர்கள் எந்தக் கடைக்கும் போகலாம். நாங்கள் உங்களை விட்டு எங்கேயும் போகமாட்டோம்."

கார்மன் போன கதவைப் பார்த்தார்.

"கவுன்சிலர் கார்மன் போய்விட்டார். அது சரி. அவர் எங்களுக்காக வாக்களிக்க வந்தார் என்று நினைத்திருந்தோம். இனி நீங்கள் உங்களுக்காக வாக்களியுங்கள். நீங்களும் ஒரு நாள் சாவியைக் கொடுத்துவிடுவீர்கள்."

திரும்பி வந்து இருந்தார். மூன்று நிமிடத்தில் பாதிகூட முடியவில்லை. கடைக்காரர் சங்கத்து ஆள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். குடை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மேயர் வாக்கெடுப்புக்கு விட்டார். கை உயர்த்தும் வாக்கெடுப்பு. மன்றத்துக்கு ஆதரவான கைகள் என்றதும், என் முன்னால் இருந்த அன்ரிமார் எல்லோரும் பார்ப்பதற்காக எழும்பினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சேலைகளும் குளிர்ச் சட்டைகளும்தான். "எண்ணு, எண்ணு" என்று யாரோ சொன்னார்கள். "நிறைவேறியது" என்ற மேயரின் குரல் கேட்டது. கார்மன் இல்லாமலே, எதிர்பார்த்ததைவிட ஒரு கை அதிகம் என்றார்கள் எண்ணியவர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் மாறியிருந்தார்.

கார்மனுக்கு முடிவைச் சொல்ல ஓடினேன். அவர் வெளி மண்டபத்தில் தேநீர் மேசையடியில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொன்னதும் கண்ணை மூடித் திறந்தார். "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுத்த விடயம் குப்பைத் தொட்டிகள் பற்றியது.

நிமலன் வானுக்குள் இருந்த பானைகளைத் திறந்தான். மழை தூறிக்கொண்டிருக்க, கார்த் தரிப்பிடத்துக் கூரைக்குக் கீழ் நின்று இடியப்பம் சாப்பிட்டோம். அங்கிள் சாப்பிடவில்லை. வெற்றி கிடைத்தது சந்தோஷம், ஆனால் அது தன் போஷகர் இல்லாமல் கிடைத்தது அவருக்குச் செமிக்கவில்லை. பருப்புக்கறி மிஞ்சியது அதனால்தான்.

"உப்புக் குறைச்சது பிழையாப் போச்சு" என்றான் நிமலன்.

கட்டடம் கிடைத்த பிறகும், கார்மன் எங்களைக் கைவிட்டு எழும்பிப் போனவர் என்ற கதை கொஞ்ச நாள் ஓடியது. மருந்துக்கடைக்கு வந்த இரண்டு அன்ரிமார் என்னிடம் வாங்காமல் மற்றப் பெண்ணிடம் வாங்கினார்கள். கார்மன் யாருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை. தன்னைப் போஷகர் பதவியிலிருந்து எடுக்கும்படி மட்டும் கேட்டுக் கடிதம் எழுதினார். திறப்பு விழா அழைப்பிதழில் அங்கிள் "போஷகர்: வெற்றிடம்" என்று அச்சடித்தார். இடத்தை விட்டுவிடலாமே என்றேன். "இல்லைப் பிள்ளை. அந்தக் கதிரை அவான்ர. வேற ஆரையும் இருத்தமாட்டன்" என்றார். என்னோடு அவர் மீண்டும் கதைத்த முதல் வசனம் அது.

அந்த வருடக் கடைசியில், மாநிலத் தேர்தலுக்கு எங்கள் தொகுதியில் யாரை நிறுத்துவது என்று கட்சி உறுப்பினர்கள் கூடி வாக்களித்தார்கள். கார்மனுக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். அவர் கையில் அதே டிவிடி. தமிழ்க் கடையில் யாரும் எடுத்துப் போகலாம் என்று அடுக்கி வைத்திருந்ததுதான். கார்மன் ரகசியமாக ஒரு அமைப்பில் பதவி வைத்துக்கொண்டு அதற்கு நகரசபைக் கட்டடம் எடுத்துக் கொடுத்தார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மொழிபெயர்க்க ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். சரியான இடம் எது என்று தெரியாததால் கோலாட்டம் முழுவதையும் எல்லோரும் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு பொன்னாடை, பிரகடனம், கார்மன் கைதட்டும் காட்சி. மண்டபம் சிரித்தது. கார்மனும் சிரித்தார்.

"உண்மை" என்றார் எழும்பி. "என்னை நியமித்தார்கள், நான் கைதட்டினேன். வாக்கெடுப்புக்கு முன் அதைத் தெரிந்துகொண்டேன். சபையில் சொல்லிவிட்டு வெளியே போனேன். கூட்ட அறிக்கையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அந்தக் கட்டடத்துக்கு நான் வாக்களிக்கவில்லை."

போட்டியாளர் டிவிடியை இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்தார். அன்று கட்சி கார்மனைத் தெரிவுசெய்தது. 2011 மார்ச் தேர்தலில் அவர் மாநிலப் பாராளுமன்றத்துக்குப் போனார். நான் சம்பளத்தோடு அவருடைய அலுவலகத்தில் முன்மேசைக்கு வந்தேன். அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க, கால் குளிருக்குக் கார்மன் அந்தப் பொன்னாடையைத்தான் மேசைக்குக் கீழே போர்த்திக்கொண்டிருப்பார்.

அன்று நான் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மண்டபத்தில் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சொன்னபோது எனக்கு அது தெரியாது. பின்னால் நல்லதாக முடியும் என்று தெரிந்து சொன்னேன் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். காரில் ஏறும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்டடம் போகப்போகிறது, அன்ரிமார் என்னை மன்னிக்கப்போவதில்லை என்பதுதான்.

இனி, நான் தீர்க்க முடியாத ஒரு விடயம். மாறிய அந்தக் கை யாருடையது?

2012 செப்டெம்பரில் அடுத்த நகரசபைத் தேர்தல் வந்தது. கார்மன் நிற்கவில்லை. மற்றவர்கள் நின்றார்கள். மன்றத்தில் இப்போது கிழமைக்கு ஐந்து நாள் சாப்பாடு, வருகிறவர்களில் பெரும்பாலானோர் வாக்காளர்கள். முதலில் ஒரு கவுன்சிலர் வந்து, அன்று ரீச்சர் பேசியதைக் கேட்டு மனம் மாறியது தான்தான் என்றார். கைதட்டினோம், சாப்பாடு கொடுத்தோம். அடுத்த கிழமை இன்னொருவர் வந்து, அது தான்தான் என்றார். அவருக்கும் கைதட்டினோம், சாப்பாடு கொடுத்தோம். மூன்றாமவர் வந்தபோது ரீச்சர் கேட்டார்:

"அப்ப மூண்டு பேரும் மாறியிருந்தா எங்களுக்கு மூண்டு கை எல்லோ கூட வந்திருக்கோணும்? வந்தது ஒண்டுதானே. கணக்குப் பிழைக்குதே."

அவர் சிரித்துச் சமாளித்தார். அவருக்கும் நிமலன் அகப்பை நிறையப் போட்டான்.

கூட்ட அறிக்கையைப் பார்த்தேன். நிறைவேறியது என்று மட்டும் இருக்கிறது, கைகளின் பெயர் இல்லை. அன்று முன்வரிசையில் எழும்பி நின்ற அன்ரிமாரைத் தனித்தனியே கேட்டேன். ஒருவர் கண்ணாடி போட்டவர் என்றார், ஒருவர் மொட்டைத் தலை என்றார், ஒருவர் இரண்டும் என்றார். கார்மனைக் கேட்டபோது, "நான் அறைக்குள் இருக்கவில்லை. அதுதானே முழுக் கதையும்" என்றார். 2013இல் ஒருமுறை மேயராக இருந்தவரைக் கடைத்தெருவில் கண்டு கேட்டேன். தானும் அதைத்தான் நெடுநாளாக யோசிப்பதாகச் சொன்னார்.

ஆகவே, அந்தச் செவ்வாய்க்கிழமை கை மாற்றி உயர்த்தியவர் யார் என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. மூன்று பேர் உரிமை கோருகிறார்கள், ஆதாரம் ஒருவரிடமும் இல்லை. காலண்டர் கட்டத்தில் "மழை"க்கும் "பருப்புக்கறி"க்கும் நடுவில் ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் இருக்கிறது. உங்களில் யாருக்காவது தெரியவந்தால் சொல்லுங்கள். பென்சிலால் எழுதுவேன்.